அம்மாவின் சிவப்புச் சுங்குடி வெள்ளையில் சாயம் இறக்குமா?

கேள்வி: அண்ணன் வீட்டுப் பால் காய்ச்சுக்கு என் கையால் ஒரு பரிசு கொடுக்க ஆசை. அம்மாவின் சிவப்புச் சுங்குடிச் சேலைகளையும் வெள்ளைக் காடாவையும் சதுரமாக வெட்டி, உள்ளே பஞ்சு ஷீட் வைத்து, 2 அடிக்கு 2 அடியில் சுவரில் மாட்டும் குவில்ட் தைக்கப் போகிறேன். சிவப்பு வெள்ளையில் இறங்கிவிடுமோ என்று பயம். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? – வாசகி, திருமங்கலம்

பதில்: உப்பு குழம்புக்கு, வினிகர் ஊறுகாய்க்கு. சாயத் தொட்டியில் உப்பு போடுவார்கள், உண்மைதான். அது சாயம் நூலில் ஏறுவதற்கு. சாயம் ஏறி முடிந்த துணியில் மிச்சச் சாயத்தை இரண்டுமே பிடித்து நிறுத்தாது. கழுவித்தான் வெளியேற்ற வேண்டும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூள் போட்டு அரை மணி ஊறவைத்து அலசுங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்ப. பிறகு ஈரச் சுங்குடியை ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். வெள்ளையில் கறை படியாவிட்டால்தான் கத்தரியை எடுக்கலாம். ஐந்தாறு தரம் அலசியும் சாயம் இறங்குகிறதா? அந்தச் சேலை வேண்டாம். காடாவையும் நனைத்துக் காயவைத்தே வெட்டுங்கள். அது நன்றாகச் சுருங்கும்.

சுவரில் தொங்குவதை யார் துவைக்கப் போகிறார்கள் என்பீர்கள். தையலை அமுக்க நீங்களே தண்ணீர் தெளித்து இஸ்திரி போடுவீர்களே, அங்கேயே சாயம் இறங்கிவிடும். தப்பினாலும் ஐப்பசி மழையில் புதுவீட்டுச் சுவர் ஈரம் கக்கும்.

அம்மா வருஷக்கணக்கில் கட்டித் துவைத்த சேலை என்றால் இவ்வளவு பாடு இல்லை, போகவேண்டிய சாயம் எப்போதோ போயிருக்கும். ஆனால் 'பழைய சேலை' என்றால் எது பழசு? பீரோவில் இருபது வருஷம் மடித்து வைத்து, விசேஷத்துக்கு இரண்டு தரம் கட்டிய சேலை வயதில்தான் பழசு, சாயத்தில் புதுசு. அதைப் புதுத்துணியாகவே நடத்துங்கள். சில சேலைகளில் கரையின் சாயம் வேறு. உடலைச் சோதித்துவிட்டுக் கரையை விட்டுவிடாதீர்கள். மடிப்பு ஓடிய இடத்தில் நூல் இற்றிருக்கும், அதை ஒதுக்குங்கள்.

துணி போதாமல் புதுச் சுங்குடி வாங்கப் போனால் கவனம். துணியில் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிப் புள்ளி எடுப்பதுதான் அசல் சுங்குடி. 'கைமுடிச்சு' என்று சொல்லி ஸ்கிரீன் பிரிண்டைத் தலையில் கட்டுவார்கள். புள்ளிகள் எல்லாம் அச்சு வார்த்தாற்போல ஒரே அளவில் இருந்து பின்பக்கம் வெளிறியிருந்தால் அது பிரிண்ட். குவில்ட்டுக்குப் பிரிண்ட் ஆகாது என்பதல்ல. பிரிண்டுக்கு முடிச்சு விலை கொடுக்காதீர்கள். மதுரைச் சுங்குடிக்கு 2005-இலேயே புவிசார் குறியீடு வாங்கியாயிற்று. முடிச்சுப் போட்டு விரல் தேய்ந்தவருக்கு அந்தக் காகிதத்தால் என்ன வந்தது? கடையில் எது முடிச்சு, எது பிரிண்ட் என்று கேட்க ஓர் ஆள் உண்டா?

மதுரை மீனாட்சி கோயில் பக்கம் 'தைக்க ஆள் காட்டுகிறேன்' என்று கூடவே நடப்பவருக்கும் கமிஷன் உங்கள் கூலியிலிருந்துதான். கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் இருந்த தையல்காரர்களைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகு, வழி தெரியாமல் நிற்பவர்கள்தான் இவர்களிடம் மாட்டுகிறார்கள். அப்படிக் கிடைக்கும் தையல்காரர் அவசரத்தில் ஸ்பாஞ்ச் திணித்துத் தைத்தால் நாற்காலி மெத்தைதான் கிடைக்கும். நீங்களே தையுங்கள்.

மூன்றரை அங்குலச் சதுரம் 36 வெட்டி, ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு, வரிசைக்கு ஆறாக இணைத்தால் 18 அங்குலம் வரும். சுற்றிலும் 3 அங்குலப் பட்டை வைத்தால் 2 அடி. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் ஊக்குக் குத்தி, நடுவிலிருந்து வெளியே ஓடுதையல் போடுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் உப்பும். பின்பக்கம் மேலே அகலம் முழுக்க ஒரு துணிக்குழாய் தைத்துக் கம்பு செருகுங்கள். இரண்டு மூலையில் மட்டும் வளையம் வைத்தால் நடுவில் தொய்யும்.