பதில்: பாரிசில் பிள்ளைகள் நண்பகலுக்குள் சோர்ந்து அழுகிறார்கள்

லூவர் அருங்காட்சியகத்தைக் காலையில் ஒன்றரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டு, பிற்பகல் முழுவதையும் லுக்சம்பர்க் பூங்காவுக்கு ஒதுக்குங்கள். அங்குள்ள எண்கோணக் குளத்தில் சிறிய பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து, குச்சியால் தள்ளிவிட்டு, காற்று அதை எந்தக் கரையில் சேர்க்கிறது என்று ஓடி ஓடிப் பார்ப்பதை உங்கள் 5 வயது மகளும் 8 வயது மகனும் எளிதில் விடமாட்டார்கள்.

நடை மட்டுமே அழுகைக்குக் காரணம் என்று நான் கருதவில்லை. எதையும் தொடாமல் மணிக்கணக்கில் நிற்பது இந்த வயதில் மிகக் கடினம். நாளை அரங்கினுள் நுழைந்ததும், ஓவியங்களில் ஒளிந்திருக்கும் விலங்குகளை எண்ணச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் அழுதால், அவர்களுக்குத் தேவைப்படுவது உறக்கம்தான்.

லூவர் செவ்வாய்க்கிழமைகளில் திறந்திருக்காது. மழை பெய்தால் படகும் கிடைக்காது. 18 வயதுக்குட்பட்டோருக்கு லூவரில் கட்டணமில்லை என்பதால், பிள்ளைகளுக்காகப் பாதியில் வெளியேறத் தயங்காதீர்கள்.