பின்னறையில் லப்டொப்புக்கு வைஃபை எட்டவில்லை: அன்டெனா மாற்றினால் சரிவருமா?

வெள்ளவத்தை ஃபிளாட், ரவுட்டர் ஹோலில், பின்னறை லப்டொப்பில் ஒரே ஒரு கோடு என்கிறீர்கள். முதலில் அதே மேசையில் கைபேசியை வைத்துப் பாருங்கள். அதற்கும் சிக்னல் இல்லையென்றால் பிழை ரவுட்டர் இருக்கும் இடத்தில்தான். டிவிக்குப் பின்னாலிருந்தோ இரும்பு அலுமாரிப் பக்கத்திலிருந்தோ எடுத்து, ஆளுயரத்தில் வையுங்கள். அன்டெனா நிமிர்ந்து நிற்கட்டும். அலை அதன் பக்கவாட்டில்தான் பரவும், நுனியிலிருந்து அல்ல. (பலர் அதைத் துப்பாக்கிபோல் அறையை நோக்கி நீட்டிவைப்பார்கள்.) வைஃபை 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் வரும். கொங்கிரீட் சுவர் 5 கிகாஹேர்ட்ஸை அதிகம் விழுங்கும், ஆகவே பின்னறைக்கு 2.4ஐத் தெரிவுசெய்யுங்கள். அடுக்குமாடியில் அதில் நெரிசல் என்பதால் ரவுட்டர் செட்டிங்ஸில் சனல் (அந்த அலைவரிசையின் உட்பிரிவு) 1, 6, 11இல் ஒன்று, அதன் அகலம் 20 மெகாஹேர்ட்ஸ் என்று வையுங்கள்.

கைபேசிக்கு நன்றாக வந்து லப்டொப் மட்டும் தடுமாறினால் கதை வேறு. அன்டெனா பெரும்பாலும் திரையின் விளிம்புக்குள் இருக்கும். அதிலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் பிணைச்சல் வழியாக வைஃபை கார்டுக்கு வரும். திரை மாற்றிய பிறகு சிக்னல் விழுந்ததென்றால், அதில் ஒன்று கழன்றிருக்கலாம். லப்டொப்பைத் திறந்து, பற்றரி இணைப்பை எடுத்துவிட்டு, வயர் முனையை கார்டின் மேல் நேராக அமுக்குங்கள். 'டிக்' என்று உட்காரும். சரித்து அமுக்கினால் நெளிந்துவிடும், பிறகு பிடிக்காது.

திறக்கப் பயமென்றால், வெளி அன்டெனா உள்ள யூஎஸ்பி வைஃபை அடாப்டர் போதும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா கடைகளில் கேட்டுப் பாருங்கள். கூடவே ஒரு மீற்றர் யூஎஸ்பி நீட்டிப்பு வயரும் வாங்குங்கள்: யூஎஸ்பி 3 போர்ட்டின் மின் இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் சிக்னலைக் கெடுக்கும், அடாப்டர் தள்ளி இருப்பதே நல்லது.