பிலாலஜியும் மொழியியலும் ஒன்றுதானா?

இல்லை. சொந்தக்காரர்கள்தான், ஆனால் வேலை வேறு. எழுத்தே இல்லாத மொழியையும் மொழியியல் ஆராயும். பிலாலஜிக்கோ கையில் ஒரு பழைய பிரதி வேண்டும். இந்தச் சொல் அன்று என்ன பொருளில் வழங்கியது, படியெடுத்தவர் எங்கே தவறினார், இது அந்தக் காலத்து எழுத்துதானா என்று துருவுவதே அதன் வேலை.

ஓர் எடுத்துக்காட்டு. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 4ஆம் நூற்றாண்டில் மேற்குப் பகுதியின் ஆட்சியைப் போப்பாண்டவருக்கு எழுதிக்கொடுத்ததாக ஒரு பத்திரம் இருந்தது. 1440இல் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா அதன் லத்தீனை வரிவரியாகப் பார்த்தார். ரோமப் பிரமுகர்களோடு ‘சத்ரப்’புகளும் அதில் வருகிறார்கள். அது பாரசீக ஆளுநரின் பட்டம். ரோமில் அதற்கு என்ன வேலை? இப்படிப் பல இடறல்கள். பத்திரம் போலி என்று போட்டு உடைத்தார்.

அப்புறம் பிலாலஜியில் ஒரு விதி. ஒரே நூலின் இரண்டு கையெழுத்துப் படிகள் ஓர் இடத்தில் முரண்பட்டால், பெரும்பாலும் கடினமான பாடத்தையே, அதாவது கடினமான சொல் இருக்கும் வடிவத்தையே ஏற்பார்கள். படியெடுப்பவர் புரியாத சொல்லை எளிதாக்குவாரே தவிர, எளிய சொல்லைச் சிக்கலாக்க மாட்டார் என்பது கணக்கு. எனக்குப் பிடித்த விதி. ஆனால் வெறும் கைப்பிழையும் சில நேரம் ‘கடினமான பாடம்’ போலத்தான் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.