யானியும் வரலாற்றுச் சின்னங்களும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கிரேக்க இசைக் கலைஞர் யானி 1993-இல் ஏதென்ஸ் நகரின் அக்ரோபோலிஸ் குன்றில் நிகழ்த்திய கச்சேரியின் பதிவை இன்றும் பலர் விரும்பிக் கேட்கிறார்கள். அதன் சிறப்பு இசையாலா, இடத்தாலா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: அந்தக் கச்சேரி, பலரும் நினைப்பதுபோல், பார்த்தெனான் கோயில் நிற்கும் குன்றின் உச்சியில் நடக்கவில்லை, குன்றின் தென்மேற்கு அடிவாரத்தில் உள்ள ஹெரோடஸ் அட்டிகஸ் அரங்கில் நடந்தது. ஹெரோடஸ் அட்டிகஸ் என்னும் செல்வர், மறைந்த தம் மனைவி ரெகில்லாவின் நினைவாக கி.பி. 161-ஆம் ஆண்டு வாக்கில் கட்டிய அந்த அரங்கம் இசை கேட்பதற்கென்றே எழுப்பப்பட்டது. மூன்றாம் நூற்றாண்டுப் படையெடுப்பில் அதன் மரக்கூரை அழிந்தது. 1950-களில் பளிங்குப் படிகள் புதுப்பிக்கப்பட்டபின், சுமார் 5,000 பேர் அமரக்கூடிய திறந்தவெளி அரங்காக அது மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது.

உங்கள் கேள்விக்கான விடை இந்த அமைப்பிலேயே இருப்பதாக நான் கருதுகிறேன். செங்குத்தாக ஏறும் அரைவட்டப் படிகளில் அமர்ந்தவர்கள் மேடையை நெருங்கிச் சூழ்ந்திருப்பதால், வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் இடையே தூரம் விழுவதில்லை. ‘விதின் அட்ராக்‌ஷன்’ என்ற உருப்படியில் கேரன் பிரிக்ஸ் வயலினில் வேகமெடுக்க, ராயல் ஃபில்ஹார்மோனிக் கான்சர்ட் இசைக்குழுவை நடத்திய ஷர்தாத் ரொஹானியே வயலினை எடுத்துக்கொண்டு அவருக்கு மறுமொழி வாசிக்கும் பகுதியைக் கேட்டுப் பாருங்கள். அரங்கம் முழுவதும் அந்த இருவர் பக்கம் திரும்பியிருப்பதை உணரலாம்.

எனினும் இடம் மட்டுமே இத்தகைய பதிவைத் தந்துவிடாது. திறந்தவெளியில் காற்று மைக்கில் மோதி இரைச்சலாகும்; இரவு ஏற ஏறத் தட்பவெப்பம் மாறி, தந்திகளின் சுருதி நழுவும். வாத்தியங்களுக்கு அருகிலேயே மைக் வைத்து, தனித்தனித் தடங்களில் பதிந்து, பின்னர் ஸ்டூடியோவில் பொறுமையாகச் சமன்செய்தால்தான் நாம் வீட்டில் கேட்கும் தெளிவு கிடைக்கும். இதற்கெல்லாம் யானி தம் சொந்தப் பணத்தையே போட்டார். சுமார் 20 லட்சம் டாலர் செலவானதாகச் சொல்வார்கள். பிறந்த நாட்டில் வாசித்தே தீர வேண்டும் என்ற வேட்கை இல்லாத ஒருவர் இதற்குத் துணிந்திருக்க மாட்டார்.

கேள்வி: தாஜ்மகால் கச்சேரிப் பதிவும் அதே தரத்தில் உள்ளதா? இத்தகைய சின்னங்களின் அருகில் கச்சேரிக்கு அனுமதி தரலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: 1997 மார்ச்சில் ஆக்ராவிலும், அதே ஆண்டு மே மாதம் பெய்ஜிங்கின் அரண்மனை நகரத்திலும் நடந்த கச்சேரிகளைச் சேர்த்து ‘ட்ரிப்யூட்’ என வெளியிட்டார்கள். வாசிப்பில் குறையே இல்லை. பெட்ரோ யூஸ்டாஷ் குழலில் பறவையின் குரலைக் கொண்டுவரும் ‘நைட்டிங்கேல்’ ஒன்றுக்காகவே அதை வாங்கலாம். ஆனால் தாஜ்மகால் கல்லறை மாடம்; அரங்கம் அன்று. அங்கே கட்டடம் கண்ணுக்கு விருந்தாகிறதே தவிர, ஒலிக்கு எதையும் தரவில்லை. 2011-இல் போர்ட்டோ ரிக்கோவின் எல் மோரோ கோட்டையிலும், 2015-இல் எகிப்தின் பிரமிடுகளின் முன்னும் எடுத்த பதிவுகளைப் பற்றியும் எனக்கு இதே எண்ணம்தான்.

அனுமதி பற்றிய உங்கள் கவலை நியாயமானது. தாஜ்மகாலின் வெண்பளிங்கைக் காற்று மாசிலிருந்து காக்க, சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகள் நிலக்கரியைக் கைவிட வேண்டும் அல்லது இடம்பெயர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 டிசம்பர் 30-ஆம் தேதி. அதன்பின் மூன்றே மாதங்களில் யமுனைக் கரையில் மேடையும் விளக்குகளும் பெருங்கூட்டமும் வந்ததைச் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் எதிர்த்ததில் வியப்பில்லை. என்னைக் கேட்டால், ஏதென்ஸ் அரங்கத்தைப்போல் நிகழ்ச்சிக்கென்றே கட்டிய பழைய இடங்களில் இசை தொடர்ந்து ஒலிப்பது அந்த இடங்களுக்கு மரியாதை. கல்லறைக்கும் கோயிலுக்கும் பக்கத்தில் மேடை போடுவதற்கோ தக்க தூரமும் கடுமையான கட்டுப்பாடும் வேண்டும்.

கேள்வி: மேற்கத்திய இசை அறியாத நான் எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: தயங்க வேண்டியதில்லை; யானியே முறையான இசைக் குறிப்பு முறையைக் கற்காமல், தமக்கென அமைத்துக்கொண்ட சுருக்கெழுத்தில் எழுதுபவர்தாம். ‘ட்ரிப்யூட்’ தொகுப்பில் ‘வால்ட்ஸ் இன் செவன் எய்ட்’ என்றொரு உருப்படி உண்டு. ஏழு எண்ணிக்கையில் நடக்கும் அது, கர்நாடக இசையின் மிஸ்ர சாபு தாளத்துக்குப் பழகிய காதுக்கு அந்நியமாக இராது. யானி பிறந்த கலமாட்டா ஊரின் பெயரைத் தாங்கிய கலமாட்டியானோஸ் நடனமும் ஏழு எண்ணிக்கைதான். அதைக் கேட்டபின் அக்ரோபோலிஸ் பதிவுக்குச் செல்லுங்கள். ஒலித்தட்டில் இடம்பெறாத சில உருப்படிகள் காணொளியில் இருப்பதால், காணொளியையே தேடிப் பார்ப்பது நல்லது.