வண்டிக்கு அடியில் ஒரு குருவி

கேள்வி: வணக்கமுங்க. எட்டு வருடமாக ஒன்றரை டன் பிக்கப் ஓட்டுகிறேன். தோப்பில் தேங்காய் ஏற்றிக் காங்கேயம் களத்துக்குப் போகும்போது ஒரு சத்தமும் இல்லை. காயை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பினால்தான் வம்பு. பத்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில் பின்பக்கம் கீச் கீச் என்று குருவிக் குஞ்சு கத்துகிற மாதிரி கேட்கிறது, நாற்பதைத் தாண்டினால் காணோம். பிரேக் லைனிங் மாற்றினேன், பின் பட்டைக்கு (பாரம் தாங்குகிற இரும்பு ஸ்பிரிங்) ஆயில் அடித்தேன், போகவில்லை. போன மாதம் வாட்டர் சர்வீஸ் விட்டபோது இரண்டு நாள் நின்றது, மூன்றாம் நாள் முன்னைவிட அதிகமாக ஆரம்பித்துவிட்டது. இப்போது பின் வீல் பேரிங்கை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமுங்களா?
— பெயர் வேண்டாம், குண்டடம்

பதில்: பொறுங்க, பணத்தை எடுக்காதீர்கள். பேரிங் போயிருந்தால் வேகம் ஏற ஏற உறுமலும் சேர்ந்து ஏறும், நாற்பதில் அடங்காது. இதே பேச்சை நம்பி என் பழைய வண்டிக்கு இரண்டு பக்கப் பேரிங்கும் மாற்றினேன், பட்டறையை விட்டு வெளியே வந்து முதல் வேகத்தடை ஏறுவதற்குள் அதே கீச் கீச். கடைசியில் கிராஸ்தான் (எஞ்சின் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாஃப்டின் முனையில் மடங்கிச் சுற்றுகிற, கூட்டல் குறி மாதிரியான இணைப்பு) என்று தெரிந்தது. உங்கள் கடிதத்தைப் படித்தாலும் எனக்குச் சந்தேகம் ஜாயிண்ட் கிராஸ் மேல்தான்.

ஏன் என்றால், காலி வண்டியில் பட்டை எழும்பி பாடி உயர நிற்கும், ஹவுசிங் (பின் அச்சின் கூடு) கீழே தங்கிவிடும். அதனால் புரொப்பல்லர் ஷாஃப்ட் அதிகச் சாய்வில் சுற்றுகிறது, கிராஸும் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகமாக மடங்கி மடங்கி வருகிறது. மூவாயிரம் காய் ஏற்றினால் பாடி அமுங்கிச் சாய்வு குறைந்துவிடும், காய்ந்துபோன கிராஸும் வாயை மூடிக்கொள்ளும். நாற்பதுக்கு மேல் சத்தம் நிற்கவில்லை, காற்றிலும் டயர் சத்தத்திலும் மறைந்துபோகிறது, அவ்வளவுதான். வாட்டர் சர்வீஸ் கதையும் பொருந்துகிறது. கிராஸின் நாலு முனையிலும் இருக்கிற கப்புக்குள் புகுந்த தண்ணீர் இரண்டு நாள் எண்ணெய் மாதிரி வேலை செய்திருக்கும், மிச்சமிருந்த கிரீஸையும் அடித்துக்கொண்டு போயிருக்கும், அப்புறம் உள்ளே துருதான்.

இதை நான் சொல்கிறேன் என்று நம்ப வேண்டாம், ஒரு சாக்பீஸ் போதும், நீங்களே பார்த்துவிடலாம். பின் டயரின் பக்கவாட்டில் நெட்டாக ஒரு கோடு போடுங்கள். வேறொருவர் ஆள் நடக்கிற வேகத்தில் வண்டியை ஓட்டட்டும், நீங்கள் கொஞ்சம் தள்ளிக் கூடவே நடந்து எண்ணுங்கள். கோடு ஒரு சுற்று வருவதற்குள் ஒரே ஒரு கீச் என்றால் சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்று: டிரம், லைனிங், பேரிங். நாலு, அதற்கும் மேலே கேட்டால் ஷாஃப்ட், ஏனென்றால் சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் ஏறக்குறைய நாலு சுற்று சுற்ற வேண்டும் (வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும்). சுற்றுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் குழியில் இறங்கும்போது மட்டும் வந்தால் பட்டையின் முனையில் இருக்கிற ரப்பர் புஷ். எந்த இடம் என்று இன்னும் தெளிவாகக் கேட்க வேண்டுமா, ஏதாவது ஒரு மில் காம்பவுண்ட் சுவரை ஒட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டுங்கள். அடியில் கேட்கிற சத்தத்தைச் சுவர் அப்படியே திருப்பிக் காதில் போடும்.

ஷாஃப்ட்தான் என்று ஆனால், சமதரையில் நாலு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்து அடியில் நுழையுங்கள். பிக்கப் உயரமான வண்டி, ஜாக்கி போட்டுத் தூக்குகிற வேலையே வேண்டாம். கிராஸின் கப்பைச் சுற்றிச் செம்பழுப்பாகப் பொடி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். நம்ம ஊர்ச் செம்மண் என்று துடைத்துவிடாதீர்கள், உள்ளே ஊசி பேரிங் அரைந்து வருகிற துரு அது. ஷாஃப்டை ஒரு கையிலும் அது போல்ட்டில் சேர்கிற தகடான ஃபிளேஞ்சை மறு கையிலும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். இரண்டும் சேர்ந்து கொஞ்சம் சுழன்றால் பயப்பட வேண்டாம், ஹவுசிங்குக்குள் இருக்கிற கிரவுன் பல்சக்கரத்தின் பல் இடைவெளி அது. ஒன்று அசைந்து மற்றது நின்றால் கிராஸ் போச்சு. ஆட்டமே இல்லாமலும் கத்தும், அப்போது ஷாஃப்டைக் கழற்றிக் கையால் மடக்கினால் வழுக்கிக்கொண்டு வராமல் ஒரு இடத்தில் கடிக்கும்.

கிரீஸ் ஏற்றுகிற நிப்பிள் இருந்தால் முதலில் கிரீஸ் கன் வையுங்கள், நாலு கப்பிலும் பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். ஒரு கப்பில் வராவிட்டாலும், கிரீஸ் அடித்து ஒரு வாரத்தில் சத்தம் திரும்பினாலும் கிராஸை மாற்றிவிடுங்கள். நிப்பிளே இல்லாத சீல் வைத்த கிராஸ் என்றால் வேறு வழியில்லை, மாற்ற வேண்டியதுதான். கழற்றும் முன் ஃபிளேஞ்சிலும், ஷாஃப்ட் நீண்டு சுருங்குகிற பல் இணைப்பான சிலிப் ஜாயிண்ட்டிலும் உளியால் ஒரு கோடு அடையாளம் வைக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு கிராஸ் சுற்றுக்கு இரண்டு முறை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும், அடுத்த கிராஸ் அதைச் சரிக்கட்டும். ஒரு பல் தள்ளி மாட்டினால் அந்தக் கணக்குக் கெட்டு, கீச் போய் அறுபதில் வண்டி நடுங்க ஆரம்பித்துவிடும்.

பட்டைக்கு ஆயில் அடிப்பதை விட்டுவிடுங்கள். மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரப்பர் புஷ்ஷில் பட்டால் அது ஊறிக் கெட்டுவிடும். வாட்டர் சர்வீஸ் விட்டால் அன்றைக்கே நிப்பிளுக்கெல்லாம் கிரீஸ் அடித்துவிடுங்கள்.

கேள்வி: வாழைத்தார் ஏற்றுகிற வண்டிங்க. மெதுவாக மேடுபள்ளத்தில் போனால் பின்னால் அடியில் டொக் டொக். ஷாக் அப்சார்பர் மாற்றியும் அப்படியே.
— வாசகர், கோபி

பதில்: ஸ்டெப்னியைக் கழற்றிப் பாடிக்குள் கட்டிப்போட்டு ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் கேரியரில் அது சரியாக உட்காரவில்லை. பஞ்சரான அன்று அவசரத்தில் யாரோ அரைகுறையாக ஏற்றியிருப்பார்கள், நானும் செய்திருக்கிறேன். நிற்காவிட்டால் பட்டையை அச்சோடு பிடிக்கிற யூ போல்ட் நட்டுகளைப் பாருங்கள், இறுக்கும்போது வண்டி தன் சக்கரத்தில் நிற்கட்டும், ஜாக்கியில் தொங்கவிட்டு இறுக்காதீர்கள்.