மருத்துவர் சங்க அறக்கட்டளைக்கு நிதி திரட்டுவது: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

மருத்துவர் சங்கம் ஒன்றின் அறக்கட்டளைக்கு 18 வருடம் நிதி திரட்டியிருக்கிறேன், அதில் முதல் ஆறு வருடம் தப்பாக. நான் டாக்டர் இல்லை, கணக்கு ஆள். வரிச் சலுகை பற்றிக் கேட்காதீர்கள், நாட்டுக்கு நாடு மாறும், அது உங்கள் தணிக்கையாளரின் வேலை.

கேள்வி (சங்கச் செயலாளர்): எங்களுக்கு 900 உறுப்பினர்கள். அறக்கட்டளைக்குக் கொடுப்பவர்கள் நாற்பது பேர்கூட இல்லை. எங்கே ஆரம்பிப்பது?

முதலில் உங்கள் அறங்காவலர்களில் எத்தனை பேர் சொந்தப் பணம் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். எல்லோரும் போட்டிருக்க வேண்டும், தொகை எவ்வளவு என்பது முக்கியமில்லை. "நீங்க எவ்வளவு குடுத்தீங்க?" என்று ஒரு உறுப்பினர் கேட்கும்போது தலைவர் தலையைச் சொறிந்தால் அதோடு கதை முடிந்தது.

அடுத்து, அந்த நாற்பது பேருக்கும் போன் போடுங்கள். பணம் கேட்க இல்லை, நன்றி சொல்ல. போன தடவை கொடுத்த பணம் எங்கே போனது, யாருக்கு என்ன ஆனது என்று இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். புதிதாக ஒருவரைப் பிடிப்பதைவிட ஏற்கெனவே கொடுத்தவரைத் தக்கவைப்பது மலிவு, ஆனால் நாம் எல்லோருமே புது ஆளைத்தான் துரத்துகிறோம்.

அதற்குப் பிறகு சந்தா புதுப்பிக்கும் படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: மாதாமாதம் இவ்வளவு பிடித்துக்கொள்ளலாம் என்று. மாதம் சிறு தொகை கொடுப்பவர் பெரும்பாலும் நிறுத்துவதில்லை. ஆனால் உறுப்பினர் தானே டிக் அடிக்க வேண்டும், நீங்களே அடித்து அனுப்பாதீர்கள், கண்டுபிடித்தால் சந்தாவும் போகும். சந்தா சங்கத்தின் கணக்குக்கு, நன்கொடை அறக்கட்டளையின் கணக்குக்கு. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுவிட்டு அப்புறம் பிரித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நான் நினைத்தேன், பிரிக்க மூன்று வருடம் ஆனது.

கேள்வி: ஒரு மூத்த டாக்டர், மற்றவர்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் மூன்று மடங்கு தானும் போடுகிறேன் என்கிறார். மூன்று மடங்கு என்றே அறிவிக்கலாமா?

ஒரு மடங்கு போதும். கார்லன், லிஸ்ட் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2007ல் வெளியிட்ட ஆய்வில், நீங்கள் கொடுப்பதற்கு ஈடாக இன்னொருவரும் போடுவார் என்று சொன்னதுமே கொடுப்பவர்கள் 22 சதவீதம் கூடினார்கள். ஆனால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏற்றியதில் அதற்கு மேல் ஒன்றும் கூடவில்லை. அவர் பணத்தை மூன்று வருடத்துக்குப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விருந்து நிகழ்ச்சி நடத்தினால் எவ்வளவு வரும்?

மண்டபம், சாப்பாடு, மேடை, நினைவுப் பரிசு எல்லாம் கழித்துவிட்டு, உங்கள் ஆட்கள் உழைத்த மணிநேரத்தையும் கழித்துப் பாருங்கள். பல வருடம் எங்களுக்கு மிஞ்சியது போட்டோதான்.

கேள்வி: வருகிற பணம் நூறு சதவீதமும் நோயாளிகளுக்கே என்று விளம்பரம் போடலாமா?

வேண்டாம். ரசீது புத்தகத்துக்கும் தணிக்கைக்கும் யார் பணம் கொடுப்பது? 2013ல் அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் மூன்று அமைப்புகள் சேர்ந்து, நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து ஒரு அமைப்பை எடை போடாதீர்கள் என்று நன்கொடையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதமே எழுதின. செலவை மறைக்காமல் சொல்லுங்கள், கொடுப்பவர்களுக்குப் புரியும்.

கேள்வி (பொருளாளர்): மருந்துக் கம்பெனி ஒன்று பெரிய தொகை தரத் தயாராக இருக்கிறது. வாங்கலாமா?

நான் வாங்க மாட்டேன். வாங்கியே தீர வேண்டுமென்றால் மூன்று நிபந்தனை: எதற்குச் செலவழிப்பது என்பதில் கம்பெனிக்குப் பேச்சு இருக்கக் கூடாது, தொகையை ஆண்டறிக்கையில் போட வேண்டும், ஒரே கம்பெனி உங்கள் வருமானத்தில் பெரும்பங்கு ஆகிவிடக் கூடாது.

அதே பொருளாளர்: நல்ல காரியத்துக்குத்தானே சார்? ஒரு அறக்கட்டளைக்குக் கொடுத்ததால் டாக்டர்கள் மருந்தை மாற்றி எழுதிவிடுவார்களா?

எல்லா டாக்டரும் இதைத்தான் சொல்கிறார்கள், தன்னைப் பற்றி மட்டும். அமெரிக்காவில் 2016ல் வந்த ஓர் ஆய்வில், மருந்துக் கம்பெனி ஒன்றிடம் ஒரே ஒரு வேளைச் சாப்பாடு வாங்கிக்கொண்ட டாக்டர்களிடம்கூட அந்தக் கம்பெனியின் மருந்தை எழுதும் வீதம் அதிகமாக இருந்தது. சாப்பாடுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, சரி. ஆனால் செய்தித்தாள் அவ்வளவு நுணுக்கமாக எழுதாது.

வேறொருவர் (இளம் மருத்துவர்): கம்பெனி பணமே வேண்டாம் என்றால் எங்களைப் போன்ற சின்னச் சங்கம் மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். பெரிய சங்கத்தில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் சொல்வது சுலபம்.

நியாயமான கோபம். எங்கள் சங்கமும் சின்னதாகத்தான் இருந்தது, நாங்களும் வாங்கினோம். மூன்றாவது வருடம் கம்பெனியில் ஆள் மாறினார், பணம் நின்றது, அந்தப் பணத்தை நம்பித் தொடங்கிய முகாமைப் பாதியில் நிறுத்தினோம். கொடுக்கிற கை நல்ல கையா கெட்ட கையா என்பதைவிட, ஒரே கையை நம்பியிருந்ததுதான் எங்களைக் கவிழ்த்தது. பெயர் விஷயமும் இருக்கிறது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் தன் மருத்துவக் கல்லூரிக் கட்டடங்களில் இருந்த சாக்லர் குடும்பத்தின் பெயரை 2019ல் எடுத்தது. அந்தக் குடும்பத்தின் மருந்துக் கம்பெனி விற்ற ஓபியாய்டு (அபின் வகை) வலிமருந்துக்குப் பலர் அடிமையான விவகாரத்துக்குப் பிறகு. பெயரை எழுதுவது ஒரு நாள் வேலை, அழிப்பதற்குப் பல வருடம் சண்டை.

அதே இளம் மருத்துவர்: அப்படியென்றால் மருத்துவக் கருவி விற்பவர்கள்?

அதேதான். ஸ்கேன் மெஷின் விற்பவர் மருந்து விற்கவில்லை என்பதால் புனிதராகிவிட மாட்டார்.

கேள்வி: இசை நிகழ்ச்சி வைக்கலாமா?

விருந்துக்குச் சொன்னதேதான். மேலே இருக்கும் அந்தப் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஐஸ் பக்கெட் சவால் மாதிரி ஏதாவது பரவ வைக்க முடியுமா?

தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டு மற்றவர்களையும் அழைக்கும் சவால் அது. 2014ல் ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்கான அமெரிக்க அமைப்புக்கு அதில் 11.5 கோடி டாலர் வந்தது. ஆனால் அந்தச் சவாலை ஆரம்பித்தது அமைப்பு இல்லை, மக்கள்தான். அடுத்த வருடம் திரும்பச் செய்தபோது அதன் பக்கத்தில்கூட வரவில்லை. மழையை நம்பலாம், இன்ன தேதிக்கு வா என்று கேட்க முடியாது.

கேள்வி: மூலநிதி ஒன்றை நீண்ட கால முதலீட்டில் வைத்திருக்கிறோம். வருடம் எவ்வளவு எடுக்கலாம்?

பெரிய அமைப்புகள் பல நிதியின் மதிப்பில் 4, 5 சதவீதம் போல எடுக்கின்றன. உங்கள் ஊர் விலைவாசி வேறாக இருக்கலாம், முதலீடு தெரிந்தவரிடம் கேளுங்கள். சங்கக் கட்டடத்தின் பெயிண்ட் செலவுக்கு மட்டும் அதில் கை வைக்காதீர்கள். தனிக் கணக்கு, திரும்பவும் சொல்கிறேன்.

கேள்வி: நட்சத்திர ஹோட்டலில் இரவு விருந்து, ஒரு மேசைக்கு இவ்வளவு என்று...

நிகழ்ச்சி பற்றிக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். வையுங்கள் ஐயா, வையுங்கள். கணக்கை முடித்த பிறகு எனக்கு எழுதுங்கள், அதையும் தனிக் கணக்காக.