வாங்குவோர் கேள்வி-பதில்: பில் கேட்டால் விலை ஏறுமா?

தசைன் திருவிழா நெருங்குகிறது. நேபாளத்தில் வீட்டுக்கு வீடு பணம் செலவாகும் பருவம் இது. கடிதங்களும் அதிகம் வந்திருக்கின்றன. பெயர்களை நீக்கி, சுருக்கித் தந்திருக்கிறேன். (தீதி என்றால் அக்கா, பாயி தம்பி, பஹினி தங்கை.)

கேள்வி: தீதி, காட்மாண்டு நியூ ரோட்டில் ஒரு கடையில் புதுக் கைபேசி வாங்கினேன். விளம்பர விலையைவிட முப்பதாயிரம் ரூபாய் குறைவு. பெட்டி பிரிக்காதது. இரண்டே மாதத்தில் சிம் வேலை செய்வது நின்றுவிட்டது. "நெட்வொர்க் கோளாறு" என்கிறார் கடைக்காரர். (கீர்த்திபூர்)

பதில்: அதே சிம்மை வேறு கைபேசியில் போட்டுப் பாருங்கள். அங்கே வேலை செய்தால், உங்கள் கைபேசி முறைப்படி இறக்குமதியானதா என்று சந்தேகிக்க வேண்டும். நேபாளத் தொலைத்தொடர்பு ஆணையம் எம்.டி.எம்.எஸ். என்ற பதிவேட்டை வைத்திருக்கிறது. அதில் ஏறாத கைபேசியின் இணைப்பு துண்டிக்கப்படலாம். *#06# என்று அழுத்தினால் கைபேசியின் அடையாளமான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும். இரண்டு சிம் என்றால் இரண்டு எண். ஆணையத்தின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். அதைக் கடையில் நின்றபடி, பணத்தை எடுப்பதற்கு முன் செய்திருக்க வேண்டும். முப்பதாயிரம் குறைகிறதே, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையா, பாயி? பில்லில் அந்த எண் எழுதப்பட்டிருந்தால் கடைக்காரர் தப்ப முடியாது. திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். பில்லே இல்லையென்றால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சலவை இயந்திரம் வாங்கினோம். விலை 50,000 ரூபாய். "வாட் பில் வேண்டுமென்றால் 13 சதவீதம் சேர்த்து 56,500" என்றார்கள். பில் வேண்டாம் என்றோம். "எஸ்டிமேட்" என்று தலைப்பிட்ட தாள் ஒன்று தந்தார்கள். நான்காம் மாதம் மோட்டார் நின்றுவிட்டது. சேவை மையத்தில் பில் கேட்கிறார்கள். கடைக்காரர் அந்தத் தாளைத் தான் கொடுக்கவே இல்லை என்கிறார். என் மாமியார் தினமும் இதைச் சொல்லிக் காட்டுகிறார். (லலித்பூர்)

பதில்: மாமியாரிடம் சொல்லுங்கள், ஏமாற்றியது கடைக்காரர், நீங்கள் இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எனக்கு வரும் கடிதங்களில் பாதி கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து முட்டுகின்றன.

வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி நேபாளத்தில் 1997 முதல் இருக்கிறது. இன்றைய விகிதம் 13 சதவீதம். அது கடைக்காரரின் பணம் அன்று. அரசுக்காக நம்மிடம் வாங்கி அவர் செலுத்த வேண்டிய பணம். பொருளின் மேல் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையில் எல்லா வரியும் அடங்கியிருக்க வேண்டும். அப்படியிருக்க, "பில்லோடு ஒரு விலை, பில் இல்லாமல் ஒரு விலை" என்று அவர் சொல்வதன் பொருள் என்ன? விற்பனையைக் கணக்கிலிருந்து மறைக்க உங்களைக் கூட்டுச் சேர்க்கிறார். உங்களுக்கு 6,500 ரூபாய் மிச்சம் என்று தோன்றுகிறது. அந்த 6,500-க்கு நீங்கள் விட்டுக்கொடுத்தது உத்தரவாதம், திருப்பிக் கொடுக்கும் உரிமை, நாளை புகார் செய்யக் கையில் இருக்க வேண்டிய ஒரே சான்று. அவருக்கோ வரியும் மிச்சம், பொறுப்பும் மிச்சம்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. பொருள் விற்கும் கடையின் ஆண்டு விற்பனை 50 லட்சத்துக்குள் இருந்தால் அது வாட் பதிவு செய்யத் தேவையில்லை. பான் என்ற வரிக் கணக்கு எண்ணோடு பில் தந்தால் போதும். அப்படிப்பட்ட கடை உங்களிடம் 13 சதவீதம் வாங்கவே கூடாது. பில்லின் தலைப்பில் பான் என்று இருக்கிறதா, வாட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். பான் பில்லில் வாட் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அங்கேயே கேளுங்கள். "எஸ்டிமேட்", "கொட்டேஷன்" என்ற தாள்கள் எதுவும் பில் அன்று.

லோட்ஷெட்டிங் காலத்தில், மின்சாரம் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகமாக இருந்த அந்தக் குளிர்காலங்களில், நானும் ஒரு இன்வர்ட்டர் வாங்கினேன். ஊரே வரிசையில் நின்று வாங்கிக்கொண்டிருந்தது. அடுத்த குளிர் வருவதற்குள் பேட்டரி செத்துவிட்டது. கடையில் கொடுத்த தாளில் ஒரு தொகையும் ஒரு கையெழுத்தும்தான் இருந்தன. கடையின் பெயர்கூட இல்லை. இருட்டில் உட்கார்ந்திருந்த மக்களின் அவசரத்தை வைத்துப் பிழைத்தவர்கள் அவர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: பணத்தை இசேவா, கல்தி போன்ற பணப்பைச் செயலி அல்லது வங்கி வழியாகக் கொடுத்திருந்தால் அந்தப் பதிவை எடுங்கள். இயந்திரத்தின் பின்புறம் வரிசை எண் இருக்கும். அந்த எண்ணை எந்தக் கடைக்கு அனுப்பினார்கள் என்பது விநியோகஸ்தரின் கணக்கில் இருக்க வேண்டும், எழுத்தில் கேளுங்கள். எஸ்டிமேட் தாளையும் வைத்துக்கொள்ளுங்கள், அது பில் அன்று என்றாலும் கையெழுத்து கையெழுத்துதான். இவற்றோடு பபர்மகாலில் இருக்கும் வணிகம், வழங்கல், நுகர்வோர் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுங்கள். அரசின் புகார் சேவையான ஹலோ சர்க்காரின் 1111 என்ற எண்ணிலும் பதிவு செய்யலாம். நேபாள நாட்காட்டியில் 2075-ஆம் ஆண்டு (கி.பி. 2018) நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருப்பதே உங்களைப் போன்றவர்களுக்காக.

கேள்வி: என்னிடம் பில் இருக்கிறது. ஆனால் எழுத்தெல்லாம் வெளுத்து வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது. (தரான்)

பதில்: வெப்ப அச்சுத் தாள் அப்படித்தான் ஆகும். வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். இப்போதைக்குக் கடைக்குப் போய்த் தேதியைச் சொல்லி நகல் கேளுங்கள்.

கேள்வி: இந்தியாவில் 100 ரூபாய் என்று அச்சிட்ட ஷாம்புவை இங்கே 200 ரூபாய்க்கு விற்கிறார்கள். 160 தானே வர வேண்டும்? (புட்வல்)

பதில்: 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பது 1993 முதல் மாறாத நாணய மாற்று விகிதம். அது பொருளின் விலையைத் தீர்மானிக்காது. எல்லை தாண்டும்போது சுங்கம், போக்குவரத்து, இங்குள்ள வரி எல்லாம் சேரும். ஆனால் இதைக் காரணம் காட்டிக் கடைக்காரர் வாய்க்கு வந்த விலையைச் சொல்லவும் கூடாது. முறையாக இறக்குமதியான பொருளில் இறக்குமதியாளரின் பெயரும் நேபாள ரூபாயில் அதிகபட்ச விலையும் ஒட்டியிருக்க வேண்டும். அந்தச் சீட்டு இருந்தால் அதற்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இல்லையென்றால் அந்தப் பொருள் எந்த வழியாக வந்தது என்று யோசியுங்கள். தோலில் பூசுவது, குழந்தைக்குக் கொடுப்பது என்றால் அப்படிப்பட்டதை வாங்கவே வேண்டாம்.

கேள்வி: பழைய சோபாவை விற்க விளம்பரம் போட்டேன். வாங்க வந்தவர் பணம் அனுப்புவதாகச் சொல்லி, என் போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டார். சொன்னேன். கணக்கில் இருந்த 18,000 போய்விட்டது. (ஹெடௌடா)

பதில்: பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. ஒருபோதும் இல்லை. வங்கிகளும் பணப்பை நிறுவனங்களும் இதை ஓயாமல் சொல்கின்றன, நானும் எழுதிக்கொண்டே இருக்கிறேன். இந்தக் கணமே வங்கியை அழைத்துக் கணக்கை முடக்குங்கள். குறுஞ்செய்திகளை அழிக்காமல் காட்மாண்டு போட்டாஹிட்டியில் உள்ள காவல்துறை சைபர் பிரிவுக்கோ உங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்கோ போங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் வேறு கைக்கு மாறும்.

கேள்வி: தங்கையின் திருமணத்துக்கு இரண்டு தோலாவில் நகை. அன்றைய தங்க விலையைப் பார்த்துப் பணம் எடுத்துப் போனோம். கடையில் ஜர்த்தி, ஜ்யாலா என்று கூட்டி, கையில் இருந்த பணம் போதாமல் கடன் சொல்லி வந்தோம். (போக்கரா)

பதில்: ஜர்த்தி சேதாரம், ஜ்யாலா செய்கூலி. நாளேட்டில் வருவது ஒரு தோலா, அதாவது 11.664 கிராம் தங்கத்தின் விலை மட்டும். தங்க வெள்ளி வணிகர் கூட்டமைப்பு தினமும் அறிவிக்கும் விலை அது. கடைக்குக் கடை பெரிதாக மாறாது. மாறுவதெல்லாம் இந்த இரண்டும்தான். பேரம் பேச வேண்டிய இடமும் இதுதான். ஒரு தோலா நூறு லால். மொத்தம் பத்து லால் ஜர்த்தி என்றால் இரண்டு தோலா நகைக்கு 2.1 தோலாவின் விலை கொடுக்கிறீர்கள், வீட்டுக்கு வருவது இரண்டு. பின்னாளில் அவசரத்துக்கு விற்கப் போனால் ஜர்த்தியையும் ஜ்யாலாவையும் யாரும் திருப்பித் தர மாட்டார்கள். கல் பதித்திருந்தால் கல்லின் எடையைக் கழித்துத் தங்கத்தின் எடையைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். தங்கம், ஜர்த்தி, ஜ்யாலா, கல் என நான்கு வரிகளாகப் பில் வேண்டும். திருமண வீட்டார் கூச்சப்படுவார்கள் என்று தெரிந்தே சில கடைகளில் வாய்மொழியாக ஒரே தொகையைச் சொல்கிறார்கள். கூச்சப்படாதீர்கள்.

கேள்வி: தமேலில் 1,500 ரூபாய்க்கு "நூறு சதவீதம் பஷ்மினா" சால்வை. நம்பலாமா? (பக்தபூர்)

பதில்: வேண்டாம். பஷ்மினா என்பது ச்யாங்க்ரா என்ற மலை ஆட்டின் உள்மயிர். அது ஓர் ஆட்டிலிருந்து ஆண்டுக்கு மிகச் சிறிதளவே கிடைக்கும். அந்த விலைக்கு அது கட்டாது. நான் அப்படி வாங்கிய சால்வை முதல் சலவையிலேயே முடிச்சு முடிச்சாகிவிட்டது. ஓர நூல் ஒன்றைக் கொளுத்திப் பாருங்கள்: மயிர் கருகிய வாசனையோடு சாம்பல் உதிர்ந்தால் விலங்கு இழை, உருகி உருண்டையானால் செயற்கை நூல். "ச்யாங்க்ரா பஷ்மினா" என்ற பதிவு முத்திரை இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கேள்வி: எரிவாயு உருளை நாற்பது நாள் வரும். இந்த முறை இருபத்தைந்து நாளில் தீர்ந்தது. (காட்மாண்டு, கலங்கி)

பதில்: எடை போட்டு வாங்கினீர்களா? உருளையின் கழுத்துப் பட்டையில் வெற்று எடை பொறித்திருக்கும். அதோடு 14.2 கிலோ கூட வேண்டும். தராசைக் கொண்டுவரச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. தீர்ந்த பிறகு எனக்கு எழுதினால் நான் எதை எடை போடுவது? 2015-இல் இந்திய எல்லை முடக்கத்தின்போது அரை உருளைக்கு விடியற்காலை முதல் வரிசையில் நின்ற மக்கள் நாம். ஒரு கிலோவின் அருமை நமக்குத் தெரியும். அடுத்த முறை முத்திரை உடைந்திருந்தாலோ எடை குறைந்தாலோ வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: தசைனுக்கு வாங்கும் கசி (காயடித்த) ஆட்டுக்குத் தண்ணீரும் உப்பும் ஊட்டி எடை ஏற்றுகிறார்களாமே? (நேபாள்கஞ்ச்)

பதில்: உண்மைதான், பழைய புகார். உயிரோடு எடை போட்டு விற்பதால் இந்த வழி. வயிறு மட்டும் உப்பி, முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படும் ஆட்டை விடுங்கள்.

கேள்வி: மின்சாரக் கார் ஒரு மின்னேற்றத்தில் 400 கிலோமீட்டர் போகும் என்கிறார்கள். (சித்வன்)

பதில்: எந்தச் சோதனை முறையில் என்று கேளுங்கள். சீனத்தின் சி.எல்.டி.சி. முறையில் தூரம் தாராளமாக வரும், ஐரோப்பிய டபிள்யூ.எல்.டி.பி. எண் நடைமுறைக்கு நெருக்கமானது. மலை ஏற்றத்தில் இரண்டுமே குறையும். நம் நாட்டில் சுங்கம் மோட்டாரின் கிலோவாட்டைப் பொறுத்தது. அதனால் திறனைக் குறைத்து இறக்கிய வண்டியா என்றும் கேளுங்கள்.

கேள்வி: வங்கியைவிட அதிக வட்டி தருகிறது எங்கள் ஊர்ச் சககாரி (கூட்டுறவுச் சங்கம்). நடத்துபவர் உறவினர். 7 லட்சம் போடலாமா? (சித்வன், இன்னொரு வாசகர்)

பதில்: போடாதீர்கள். வங்கியில் 5 லட்சம் வரை வைப்புக்கு அரசின் காப்பு நிதி பொறுப்பு. சககாரிக்கு அந்தக் காப்பு இல்லை. வாழ்நாள் சேமிப்பை இழந்து தெருவில் போராடும் முதியவர்களைப் பார்த்த பிறகும் இந்தக் கேள்வி வருவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

கேள்வி: தீதி, என் கணவரை மலேசியாவுக்கு அனுப்ப முகவர் 1,80,000 ரூபாய் வாங்கினார். நூற்றுக்கு முப்பத்தாறு வட்டிக்கு எடுத்த பணம். ரசீது 10,000-க்குத்தான் தந்தார். சொன்ன வேலை அங்கே இல்லை, சம்பளமும் பாதி. "ரசீதில் உள்ளதைத்தான் திருப்பித் தர முடியும்" என்கிறார். (தனுஷா)

பதில்: பஹினி, 10,000 என்று அவர் எழுதியது தற்செயல் அன்று. 2015 முதல் மலேசியாவுக்கும் ஆறு வளைகுடா நாடுகளுக்கும் விசாவும் விமான டிக்கெட்டும் வேலை கொடுப்பவர் செலவு. நிறுவனம் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 10,000 ரூபாய் மட்டுமே வாங்கலாம். மீதி 1,70,000 வாங்கியது சட்டவிரோதம் என்பது அவருக்குத் தெரியும், அதனால்தான் எழுதவில்லை.

ரசீது இல்லை என்பதால் வழக்கு இல்லை என்று ஆகிவிடாது. பணம் கொடுக்கும்போது உடன் இருந்தவர் யார்? வட்டிக்குக் கொடுத்தவரின் பத்திரம் எந்தத் தேதியில்? அந்த வாரம் முகவர் அனுப்பிய செய்திகள், அழைப்புகள், குரல் பதிவுகள் இருக்கின்றனவா? எல்லாவற்றையும் தேதி வரிசையில் எழுதுங்கள். கணவரிடம் ஒப்பந்தத்தின் இரண்டு படிகளையும் கேளுங்கள்: இங்கே காட்டியது, அங்கே கையெழுத்து வாங்கியது. சம்பளச் சீட்டு, தங்கும் இடத்தின் படம் ஆகியவற்றையும் அனுப்பச் சொல்லுங்கள். தொழில் அனுமதிச் சீட்டில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். புகாரில் முகவரோடு அந்த நிறுவனத்தின் பெயரும் வர வேண்டும். முகவர் காணாமல் போனாலும் உரிமம் பெற்ற நிறுவனத்துக்கு முகவரி உண்டு.

புகாரை வெளிநாட்டு வேலைவாய்ப்புத் துறையில் கொடுக்க வேண்டும். காட்மாண்டு வரை போகப் பணமில்லை என்றால் முதலில் உங்கள் மாவட்ட நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள். புகார் பதிவானதும் பாதிப் பணத்தோடு சமரசம் பேச வருவார்கள். வட்டி ஏறிக்கொண்டிருக்கும் வீட்டில் பாதிப் பணமும் பெரிதாகத் தெரியும் என்பது எனக்குப் புரிகிறது. எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு எழுதுங்கள். உடன் வர ஒரு வழக்கறிஞரை நான் தேடித் தருகிறேன்.

கேள்வி: உத்தரவாத அட்டையில் 2082 வைசாகம் வரை என்று இருக்கிறது. சேவை மையம் கி.பி. கணக்கில் முடிந்துவிட்டது என்கிறது. (பீர்கஞ்ச்)

பதில்: கி.பி. ஆண்டு தெரிய, நேபாள ஆண்டிலிருந்து வைசாகம் முதல் டிசம்பர் வரை 57, ஜனவரி முதல் ஆண்டின் கடைசி மாதமான சைத்திரம் முடிய 56 கழியுங்கள். 2082 வைசாகம் என்பது 2025 ஏப்ரல் நடுவிலிருந்து மே நடு வரை. அதற்குள் புகார் கொடுத்திருந்தால் சேவை மையம் பழுது பார்த்தே ஆக வேண்டும். அதற்குப் பிறகு என்றால் அவர்கள் சொல்வது சரி.